கூரைக்கு யார் உபயம்?

போன வெள்ளிக்கிழமை, கோயில் பிரசாதத்தோடு கீழ்மாடி பரமேஸ்வரி அக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளே ஒரே புழுக்கம். காற்றாடி ஓடவில்லை. ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

ஓடிக்கொண்டிருந்தது ஒன்றுதான் — அவர் கணவரின் ஆக்சிஜன் மெஷின். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனிதர். இப்போது நுரையீரல் போய், ராப்பகலாக அந்த மெஷின்தான் அவருக்கு மூச்சு.

கரண்ட் பில் ஏறிப்போச்சு என்றார் அக்கா. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அவரு அசந்து தூங்கறப்போ அதையும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிறேன் தம்பி... வேற என்னலா செய்யறது?"

முருகா!

பில்லை வாங்கிப் பார்த்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள், கீழே ஒரு வரி — புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதி. குறைவாகக் கரண்ட் எடுக்கும் வீட்டுக்கு அது கிடையாது. அக்காவுக்கும் முன்பு கிடையாது. மெஷின் வந்தது... அக்கா அதிகம் செலவழிக்கும் ஆளாகிவிட்டார். தொகை சில்லறைதான், இரண்டு மூன்று வெள்ளி. ஆனால் யாருக்குப் போகிறது?

நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. மறுநாள் கோயில் கமிட்டி சுந்தரம் அண்ணனிடம் கேட்டேன். அவருக்குப் பாயான் லெப்பாஸ் பக்கம் பங்களா, கூரை முழுக்க சோலார். நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். அந்த நிதியை வைத்துத்தான் அவர் கூரையில் விளையும் கரண்டுக்குக் காசு கொடுக்கிறார்களாம்.

"வெயில் சும்மா அடிக்குது தம்பி, மாசா மாசம் வெள்ளி வருது. எல்லாம் அவன் கொடுக்கிறது" என்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

அவனா கொடுக்கிறான்?

சோலார் நல்லதுதான், யார் வேண்டாம் என்றது? ஆனால் பங்களாக் கூரைக்கு, சொந்தக் கூரையே இல்லாத அடுக்குமாடி அக்காவா கட்டுவது? அதுவும் புருஷன் மூச்சு விட்ட குற்றத்துக்கு?

மெஷினை மட்டும் நிறுத்தாதீர்கள், மீன், பால் எல்லாம் எங்கள் ஐஸ் பெட்டியில் வையுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். தலையாட்டினார். கண் மட்டும் சுவிட்சின் மேலேயே இருந்தது.

நேற்று சந்நிதியில் நின்றேன். தலைக்கு மேல் டியூப் லைட். பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு சிவப்பு எழுத்தில் 'சுந்தரம் குடும்பத்தார் உபயம்'. விளக்கு கொடுத்தவர் பெயரை விளக்கிலேயே எழுதுவது நம் வழக்கம். எழுதட்டும்.

அப்படியென்றால் அண்ணன் வீட்டுக் கூரையிலும் ஒரு பெயர் எழுத வேண்டுமே... 'பரமேஸ்வரி அக்கா உபயம்' என்று!