கொட்டகைச் சுவரில் ஒரு மாடு

அரசு அலுவலகத்தில் ஓர் உடைந்த நாற்காலியைக் கழிக்க வேண்டுமென்றாலும், அது உபயோகமற்றது என்று தகுதியுள்ள அதிகாரி சான்றளிக்க வேண்டும். பெரம்பலூரில் என் வீட்டில் அந்த அதிகாரி என் மனைவி. ஓட்டைக் குடம், குடைக்கம்பி, போர்வெல் குழாய்த் துண்டு, கிழிந்த சிமென்ட் சாக்கு எதுவானாலும், "இது ஒன்னுத்துக்கும் ஆவாது" என்று அவள் சொன்ன பிறகே எடுத்துக்கொள்வேன். நான் ஓய்வு பெற்றபோது என்னைப் பற்றியும் அதையேதான் சொன்னாள்.

ஐப்பசி மழையில் எங்கள் பசு செத்துப்போனது. அதற்குப் பிறகு அவள் மாட்டுக்கொட்டகைப் பக்கமே போகவில்லை. பாக்கெட் பால் வாங்கினோம். மாட்டுப் பொங்கலன்றாவது அவளை ஒருமுறை உள்ளே வரவைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

சாயங்கால வெயில் கொட்டகை வாசல் வழியாகப் பின்சுவரில் விழும். அதன் குறுக்கே அவள் கழித்துவிட்ட அந்தச் சாமான்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். நேராகப் பார்த்தால் பழைய இரும்புக் கடை. சுவரிலோ குடம் வயிறாகியது, குழாய்கள் கால்களாயின, குடைக்கம்பி வளைந்து கொம்பானது. காற்றில் சாக்கு நூல் ஆடும்போது வால் ஈ ஓட்டியது. மார்கழி முழுக்க அந்த மாட்டோடு தனியாக உட்கார்ந்திருந்தேன். அது அசை போடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது.

மாட்டுப் பொங்கலன்று வெயில் தாழ்ந்ததும் அவளைக் கூப்பிட்டேன்.

"கொட்டாய் வரைக்கும் கொஞ்சம் வா."

"வெறுங் கொட்டாய்ல என்னங்க கெடக்கு?"

"பாத்துட்டு அப்புறம் திட்டு."

வாசலில் வந்து நின்றாள். தூசியெல்லாம் பொன்னாக மிதந்தது. சுவரையே வெகுநேரம் பார்த்தாள். விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். கோபம் என்று நினைத்தேன். குங்குமச் சிமிழோடு திரும்பி வந்து, ஓரமாக நின்று கையை நீட்டி, நிழலின் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

சிமிழை மூடிவிட்டு என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். எழுந்து பார்ப்பதற்குள் சூரியன் இறங்கி, நிழல் மேலே ஏறியிருந்தது. பொட்டு மூக்கில் இருந்தது.

"அதானே பாத்தேன்! பொட்டு வைக்கறப்ப என்னிக்கு இது தலைய ஆட்டாம நின்னுச்சு?"

சூரியனின் போக்கைப் பற்றி விளக்க வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன்.

அவள் மறுபடியும் வைத்தாள். அது மறுபடியும் நழுவியது. "நில்லுடி, நில்லு" என்று அதட்டிக்கொண்டே, நுனிக்காலில் எம்பி எம்பி அந்த நெற்றியைத் துரத்தினாள். அது கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனதும், "போடி" என்று சிரித்து, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.