மூன்றாம் நாள் நான் பேசியது

முதலில் வந்தது நாற்றம். நெஞ்சைத் திறந்து செய்த பைபாஸ் அறுவை முடிந்த மூன்றாம் நாள், என் வாயிலிருந்தே புளித்த கஞ்சி வாடை அடித்தது. வேறு யாரோ விடும் மூச்சு என்று நினைத்தேன்.

பாலக்காட்டு மருத்துவமனையில் எனக்குத் துணையிருந்தவர் மருதன். தமிழக எல்லையோரம் கோபாலபுரம் பக்கம் என் தென்னந்தோப்பில் முப்பது வருடமாக வேலை செய்பவர். என் மனைவிக்கு முட்டிவலி, மகன் வெளிநாட்டில். என் சளியைத் துடைத்ததும் மூத்திரப் பையைக் காலி செய்ததும் மருதன்தான்.

அன்று அவர் தண்ணீரை என் வாயருகே கொண்டுவந்தார். எனக்கு அந்த வார்டு என் வீட்டுச் சமையலறையாகத் தெரிந்தது. தட்டிவிட்டேன்.

“ஊட்டுக்குள்ள எவன்டா உன்ன உட்டது? உன்ற டம்ளரு மாட்டுச்சாளையிலதான இருக்குது?”

பிறகு சாதியைச் சொல்லித் திட்டினேன். எதிர்க் கட்டில்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருதன் குனிந்து தரையைத் துடைத்தார்.

டெலிரியம் (பெரிய அறுவைக்குப் பின் சிலருக்கு வரும் தற்காலிக மனக்குழப்பம்) என்றார் மருத்துவர். கூடவே சிறு பக்கவாதமும் (மூளைக்குப் போகும் ரத்தம் அடைபடுவது) வந்திருந்தது. நான் தெளிந்ததும் அந்த மலையாளி மருத்துவர் தேற்றினார்:

“சாரமில்ல மாஷே, பரவாயில்ல வாத்தியாரே. பேசினது ரோகமாக்கும், நீங்க இல்ல.”

நோயாளிகளின் குடும்பத்தாரே, இதை நம்புங்கள்; பெரும்பாலும் உண்மை. ஆனால் பள்ளியில் சமத்துவப் பாடம் நடத்திவிட்டு, தோப்பு மாட்டுக்கொட்டகையில் மருதனுக்குத் தனி டம்ளர் வைத்தவன் நான். அந்தச் சொற்கள் என்னுடையவை.

வீடு திரும்பியபின் மருதன் வேலைக்கு வரவில்லை. கோல் ஊன்றி அவர் வீட்டுக்குப் போனேன்.

“மருதா, சீக்குல ஏதோ...”

“சீக்கு புதுசா என்னத்தைங்க பேசுச்சு, வாத்தியாரய்யா? இங்க மெதுவாப் பேசுவீங்க, அங்க சத்தமாப் பேசுனீங்க.”

“மன்னிச்சுரு.”

“அத நீங்களே வெச்சுக்குங்க. நான் வேற தோப்புக்குப் போறனுங்க.”

நெஞ்சுத் தழும்பு ஆறிவிட்டது. பேச்சில் மட்டும் ஓர் இடைவெளி நின்றுவிட்டது. நினைத்த சொல் நாக்குக்கு வர இரண்டு மூச்சு நேரம் ஆகிறது. பயிற்சியால் குறையும் என்றார்கள். நான் பயிற்சியை நிறுத்திவிட்டேன்.

நேற்று, தோப்பு வேலைக்குப் புதிதாக வந்த ஆள் என் வீட்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த இரண்டு மூச்சு நேரத்தில், நாக்கை நோக்கி ஏறிவரும் அதே சாதிச் சொல்லைப் பார்த்தேன். விழுங்கினேன்.