வெள்ளைக்காரர் கல்லறைக்குச் சாமந்தி மாலை

கல்லறைத் திருநாளுக்காக இன்று செங்கல்பட்டில், பழைய மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் அப்பாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் கல்லறை. எனக்குத் தெரிந்து அதற்கு யாரும் வந்ததில்லை. இன்று ஒருவர் சாமந்தி மாலை போட்டுக்கொண்டிருந்தார்.

“உங்க சொந்தமாண்ணா?”

“இல்லபா. யாருமில்லாம கீறாரு, பாவம்.”

எனக்குப் பாவமாகத் தோன்றவில்லை. இங்கே புதிதாகக் குழி வெட்ட இடமில்லை. கேட்பாரற்ற கல்லறையை, அதைக் கவனித்து வருகிற குடும்பத்துக்கே விட்டுவிடுவது வழக்கம்.

“வூட்ல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையாண்ணா?”

அவர், என் அப்பாவின் கல்லறையை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“போன வருசம் இதாண்ட யாரையும் காணோமே?” என்றார்.

கூடுதலாக இரண்டு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

நீங்களும் உங்கள் வீட்டுக் கல்லறைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். யாராவது பூ வைத்திருந்தால் இங்கே சொல்லுங்கள்.