ஒரு கரண்ட் கட், இரண்டு ஓடை

செய்தியோடை கட்டித் தருகிற தொழிலில், சந்தேகப்படாத வாடிக்கையாளர் ஒருவரைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை; நீங்களும் இதே பிழைப்பில் இருந்தால் தலையாட்டிக்கொண்டே படிப்பீர்கள். நான் வாளையார்க்காரன். உடும்பஞ்சோலையில் பெண்ணெடுத்து மலையேறியவன். கரண்ட் நிறுத்தம், சாலை அடைப்பு போன்ற அறிவிப்புகளை ஒரு வலைத்தளத்தில் போடுகிறேன். தளத்தைத் திறக்காமலே அவை ஃபோன் செயலியில் தானாக வந்து விழுவதுதான் செய்தியோடை. வாட்ஸ்அப் இருக்கிறதே என்பீர்கள். அதில் போன வருடத்துக் கரண்ட் கட்டை இந்த வருடம் யாராவது அனுப்பிவைத்து, ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர்க்காரர்களைக் கதிகலங்க வைத்துவிடுகிறார்கள்.

ஓடைக்கு இரண்டு வடிவம். ஆர்எஸ்எஸ் (RSS) என்பது பழையது, ஆட்டம் (Atom) என்பது பின்னால் வந்தது. முதலில் சேர்ந்தவர்களுக்குப் பழையதைக் கொடுத்தேன், பிறகு வந்தவர்களுக்குப் புதியதை. செய்தி ஒன்றுதானே, எதில் வந்தால் என்ன என்று இருந்துவிட்டேன். சின்ன ஸ்டோர் வைத்திருக்கும் முருகேசன் அண்ணாச்சிக்குப் பழையது. பாலக்காட்டிலிருந்து வந்து பச்சை ஏலக்காய் வாங்கும் காதர் பாய்க்குப் புதியது. இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடிப்பவர்கள். என் கஷ்டகாலம் அங்கேதான் ஆரம்பித்தது.

பாதிச் செய்தி

புதிய வடிவத்தில் சுருக்கத்துக்கு ஓர் இடம், முழுச் செய்திக்கு ஓர் இடம் என்று தனித்தனியாக உண்டு. பழையதில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே இடம். அதில் எதைப் போடுவது என்று கட்டுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் சுருக்கத்தைப் போட்டிருந்தேன்.

பாய் ஃபோனில் எந்தெந்த இடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எல்லாம் இருந்தது. அண்ணாச்சி ஃபோனில் இரண்டு வரி, பிறகு மூன்று புள்ளி. டீக்கடையில் இரண்டு ஃபோனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அண்ணாச்சி நேராக என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பாய்க்கு மட்டும் முழு எலையா போட்டிருக்கியே தம்பி, எனக்கு ஏன் அரை எலை?"

ஐந்தரை மணி நேரம்

அதைச் சரிசெய்த வாரத்திலேயே பாய் வந்தார். இரண்டு வடிவங்களும் நேரத்தை எழுதும் விதம் வேறு வேறு. பழையதில் இந்திய நேரம் என்று ஒழுங்காகக் குறித்திருந்தேன். புதியதில் அவசரத்தில், லண்டன் பக்கத்து நேரத்துக்கு உரிய அடையாளத்தைப் போட்டுத் தொலைத்தேன். காலை எட்டு மணிக்கு நான் போட்ட அறிவிப்பை, மத்தியானம் ஒன்றரை மணிக்குப் போட்டதாகப் பாயின் ஃபோன் காட்டியது. அதோடு, நேரம் வரட்டும் என்று அந்தச் செயலி ஒன்றரை வரை அதை வெளியே விடவும் இல்லை.

தப்பு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டேன். பாய் நம்பவில்லை. ஒருவன் இவ்வளவு சீக்கிரம் தப்பை ஒப்புக்கொண்டால், பின்னால் ஏதோ பெரிய தப்பு இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

"ஏனுங்க தம்பி, அவருக்குக் காலைப் பலகாரத்தோட சேதி, எனக்கு மத்தியானச் சோத்தோடயா?"

புதன் செவ்வாயானது

புதன்கிழமை பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது என்று போட்டிருந்தேன். திங்கட்கிழமை காலையில், அதைச் செவ்வாய்க்கு மாற்றிவிட்டதாகத் தகவல் வந்தது. புதிதாக எழுதாமல் பழைய அறிவிப்பிலேயே கிழமையைத் திருத்தினேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. திருத்திய நேரத்தைச் சொல்லப் புதிய வடிவத்தில் தனி இடம் உண்டு. பாயின் ஃபோன் உடனே மணியடித்தது. பழையதில் அப்படி ஓர் இடமே கிடையாது. இது ஏற்கெனவே படித்ததுதானே என்று அண்ணாச்சியின் செயலி பேசாமல் இருந்துவிட்டது.

அண்ணாச்சி அன்று, அந்தச் சுற்றில் பறித்த காயை மொத்தமாக ஸ்டோரில் ஏற்றிக்கொண்டிருந்தார். காய் உலர ஒரு பகலும் ஓர் இரவும் வேண்டும். நடுவில் மின்விசிறி நின்றால் காயின் பச்சை நிறம் போய்விடும். நிறம் போனால் எடுக்க ஆளில்லை. அவரிடம் ஜெனரேட்டரும் இல்லை. பாய் அவர் வாசலுக்கே போய், நாளைக்கே கரண்ட் இல்லை, ஏற்றாதீர்கள் என்றிருக்கிறார். பச்சைக் காயை அடிமாட்டு விலைக்கு வாங்கத்தான் பாய் வழி பண்ணுகிறார் என்று நினைத்தார் அண்ணாச்சி. தன் ஃபோனைத் திறந்து பார்த்தார். புதன் என்றே இருந்தது. மீதிக் காயையும் ஏற்றினார்.

செவ்வாய் சாயங்காலம் நான் போனபோது, அவர் மனைவி வெளுத்த காயைத் தட்டில் பரப்பி வைத்திருந்தார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த அம்மா சொன்னதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

"காய் போனாப் போவுது தம்பி. ஒரு மனுசர் வாசல்ல வந்து நின்னு நல்லது சொன்னாரு, நாங்க ஃபோனையில்லா நம்புனோம்."

இப்போது

எல்லோருக்கும் ஒரே வடிவம்தான். திருத்தம் வந்தால் புதிய அறிவிப்பாகவே போடுகிறேன். ஆனாலும் கரண்ட் கட் என்றால் அண்ணாச்சி வீட்டுக்கு நடந்தே போய் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். போன வாரம் சொன்னபோது கேட்டுக்கொண்டார். பிறகு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சரி, பாய் எங்க? அவரும் வந்து சொல்லட்டும்."

அதிலிருந்து, ஓடையில் வரும் செய்தியையே மூன்றாவது வடிவமாக நானும் பாயும் நடந்துபோய்ச் சொல்கிறோம். இதுவரை அதில் மட்டும்தான் யாரும் குறை கண்டுபிடிக்கவில்லை.