முப்பத்தெட்டாவது கூறு

எங்கள் பங்காளிகள் முப்பத்தேழு தலைக்கட்டு. மாசிக் களரித் திருவிழா முடிந்த மறுநாள் காலையில், குலசாமி கோயிலுக்குப் பின்னால் பனையோலைப் பாய்களை விரித்து, வெட்டிய கிடாய்களின் கறியை முப்பத்தேழு கூறாகப் போடுவோம். எலும்பு, ஈரல், குடல், கொழுப்பு எல்லாம் எல்லாக் கூறிலும் இருக்க வேண்டும். எண்ணுகிறவன் நான். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். உண்மையைச் சொன்னால், யாரும் கட்டாவிட்டாலும் நானே எண்ணிக்கொண்டுதான் இருப்பேன். பந்தியில் இலையை எண்ணுவேன், பஸ்ஸில் ஆளை எண்ணுவேன். எண்ணாமல் இருந்தால் எதையோ யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி இருக்கும்.

தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். எவ்வளவு படித்தவனாக இருந்தாலும், தாலி கட்டாதவன் அப்பன் கூறில்தான் தின்ன வேண்டும். கல்யாணம் முடிந்ததும் புதுப்பெண்ணைக் கோயிலுக்கு அழைத்து வந்து, அவள் கையால் பொதுப்பானையில் ஒரு படி அரிசி போடச் சொல்வோம். பூசாரி மாப்பிள்ளையின் பெயரைச் சாமி முன்னால் உரக்கச் சொல்வார். அன்றிலிருந்து எண்ணிக்கையில் ஒன்று கூடும். அவன் ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூறு விழும். எண்ணிக்கை குறைய ஒரே வழி சாவுதான்.

என் மகன் கனடாவுக்குப் படிக்கப் போனவன். படிப்பு முடிந்து ஏதோ ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே தங்கும் அனுமதி முடியப்போகிறது என்று ஒரு வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தவன், ஒருநாள் போனில் சொன்னான்.

"அய்யா, இங்கன ஒரு பொண்ணப் பாத்துருக்கேன். கட்டுனா அவளத்தான் கட்டுவேன்."

சிலோன்காரப் பெண். சின்ன வயதில் படகில் இந்தக் கரையில் வந்து இறங்கி, மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, பிறகு குடும்பத்தோடு கனடா போய் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவள். என் மகனைவிட நான்கு வயது மூத்தவள். இதையெல்லாம் அவன் ஒரே மூச்சில் சொன்னான். நான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டேன்.

ஊரில் பேச்சு கிளம்பியது. "என்ன ஆளுக?" என்று கேட்டார்கள். மூத்தவளாமே என்றார்கள். நான் மற்ற முப்பத்தாறு வீடும் ஏறி இறங்கினேன். "பொண்ணு எந்தக் கரையில பொறந்தா என்னலே, மகன் வாழப்போறான், அம்புட்டுத்தான்" என்று வீட்டுக்கு வீடு சொன்னேன். அப்படியும் ஐந்து வீடு கல்யாணத்துக்கு வரவில்லை. அந்த ஐந்து வீட்டுக்காரர்களோடு எனக்கு இன்றுவரை பேச்சுவார்த்தை சரியில்லை.

கல்யாணம் எங்கள் ஊரிலேயே நடந்தது. அவள் அப்பா படுக்கையில் இருந்ததால் அவள் பக்கத்தில் ஒரு அத்தை மட்டும் வந்திருந்தாள். போட்டோக்காரனை மகனே ராமநாதபுரத்திலிருந்து வரவழைத்திருந்தான். இவ்வளவு படம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. தாலி கட்டுவதை எடுத்தான், சரி. அவள் அடுப்படியில் என் மனைவியோடு வெங்காயம் உரிப்பதை எடுத்தான். கட்டிலில் இரண்டு தலையணை கிடப்பதை எடுத்தான். ராமேஸ்வரம் கூட்டிப்போனோம். இருபத்திரண்டு தீர்த்தத்திலும் இருவரும் தலையில் தண்ணீர் வாங்குவதை எடுத்தான்.

"என்னப்பா, வாளியக் கூட விடமாட்டியா?" என்று கேட்டேன்.

"அண்ணன் சொல்லிருக்காக. சோடியா நிக்கிறது ஒண்ணு விடக்கூடாதாம்" என்றான் அவன்.

ஆசையில் சொல்கிறான் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் கோயிலில் அவள் பொதுப்பானையில் அரிசி போட்டாள். பூசாரி என் மகன் பெயரைச் சொன்னார். நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "முப்பத்தெட்டு" என்றேன். அவள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. வெயில் கூசுகிறது போல என்று குடையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவர்கள் போன பிறகு, மகன் ஒரு கடிதம் கேட்டான். இவள் எங்கள் மருமகள், முறைப்படி கல்யாணம் செய்து வைத்தோம், குடும்பத்தில் ஏற்றுக்கொண்டோம் என்று என் கைப்பட எழுதித் தர வேண்டும். அங்குள்ள அதிகாரிகளுக்குக் காட்டத்தானாம். எழுதினேன். வேலையில் இருந்த காலத்தில் நான் போட்ட எல்லைக் கல்லை எந்தக் கோர்ட்டும் நகர்த்தியதில்லை. அதே கையெழுத்தைத்தான் போட்டேன்.

அதன் பிறகு மூன்று களரி வந்துபோனது. மூன்றிலும் முப்பத்தெட்டு கூறு. இளவட்டங்கள் கேலி செய்வார்கள்.

"பெரியப்பா, கனடாக்காரன் கூறுல ஈரல் தூக்கலா கெடக்கு!"

"அவென் அங்கன ரொட்டியத் தின்னுக்கிட்டுக் கெடக்கான், அவனுக்கு எதுக்குலே ஈரலு? இங்கிட்டுத் தள்ளு."

"கைய வச்சேனா விரலு ஒண்ணு கொறையும்" என்பேன். சிரிப்பார்கள்.

அந்தக் கூறை என் மனைவி மஞ்சளும் உப்பும் தடவி, நூலில் கோத்து, மாடியில் காயப்போட்டு உப்புக்கண்டம் ஆக்குவாள். காக்கா வராமல் நான் காவல் இருப்பேன். மருமகள் வரும்போது கொடுக்க வேண்டும் என்பது என் கணக்கு. மகனிடம் கேட்டால், "லீவு கெடைக்கலய்யா" என்பான். அவளிடம் போனைக் கொடு என்றால், "வேலைக்குப் போயிருக்கா" என்பான். எப்போது கேட்டாலும் வேலைக்குத்தான் போயிருந்தாள்.

சென்ற தை மாதம் அவளே எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, அப்பா மோசம் போயிட்டார். அஸ்தி கரைக்க ராமேஸ்வரம் வந்திருக்கிறன். இவ்வளவு தூரம் வந்து உங்களுக்குச் சொல்லாமல் போக மனம் வரேல்ல."

மகன் இதை என்னிடம் சொல்லவில்லையே என்ற கோபத்தோடு பஸ் ஏறினேன். பையில் உப்புக்கண்டம் இருந்தது. அஸ்தி கரைக்கிற நாளில் கறியைக் கொடுக்கக் கூடாது என்பது தெரியும். நாளைக்குச் சாப்பிடட்டும் என்று எடுத்துப்போனேன்.

அக்னி தீர்த்தக் கரையில் ஈரச் சேலையோடு தனியாக நின்றாள். காரியம் முடிந்து, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். "என் மகனுக்கு அந்த மொதலாளி லீவு கொடுக்க மாட்டேன்னுட்டானா? மாமனார் காரியத்துக்குக் கூடவா?" என்று கேட்டேன்.

அவள் டீயைக் கீழே வைத்தாள். "மாமா, அவர் உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

"என்னத்த?"

"நாங்கள் பிரிஞ்சிட்டம். அவருக்கு நிரந்தரமா இருக்கிற உரிமை கிடைச்ச உடனேயே. முதலே அப்பிடித்தான் பேச்சு. அது பேப்பருக்குச் செய்த கலியாணம் மாமா."

எனக்கு உடனே அந்த இரண்டு தலையணைதான் நினைவுக்கு வந்தது.

"உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நான் நினைச்சன்" என்றாள். "அரிசி போடேக்க, குடை பிடிக்கேக்க... உங்கட அப்பா என்ன வடிவா நடிக்கிறார் எண்டு அவரிட்டச் சொன்னனான். அவர் சிரிச்சவர்."

அவளே தொடர்ந்தாள். அவளுடைய அக்காவை யாரோ ஒருவர் இப்படிக் காகிதத்தில் கட்டித்தான் அழைத்துப் போனாராம். அதன் பின்னால்தான் குடும்பம் முழுதும் போக முடிந்தது. அதே உதவியைத் தானும் ஒருவருக்குச் செய்வோம் என்று ஒத்துக்கொண்டாளாம்.

"ஆனா மாமா, முகாமில எங்களை வரிசையில நிக்க வச்சு எண்ணுவினம். ஆள் குறைஞ்சா அரிசி குறையும். சின்ன வயசு முழுக்க அப்பிடித்தான் எண்ணினவை. உங்கட கோயிலில நீங்கள் முப்பத்தெட்டு எண்டு சொல்லேக்க, முதல்முறை ஆரோ என்னைச் சேர்த்து எண்ணினமாதிரி இருந்தது. பிறகு நான் அவரைக் கேட்டனான், இப்பிடியே இருந்தால் என்ன எண்டு. அவருக்கு விருப்பமில்லை."

பையை நீட்டினேன். திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "அந்த நாட்டுக்குள்ள இறைச்சி கொண்டுபோக விடமாட்டினம், மாமா" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஒரு துண்டை மட்டும் எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். பொய் சொன்னவள்தான் அவளும். என் சாமி முன்னால், என் அரிசியைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்ன பொய். அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு துண்டையும் மறக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அதிர்ச்சியடைவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முறத்தில் மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்பருந்து?"

"கல்யாணத்துக்கு முன்னமே சொல்லிட்டான். ஒங்ககிட்டச் சொன்னா நீங்க ஊரு பூராம் சொல்லிக்கிட்டு வருவீகன்னு பயந்தான். நெசம்னு நெனச்சாத்தான் அய்யா மொகம் படத்துல நல்லா விழும்னான்."

"தெரிஞ்சேவா மூணு வருசமா அந்தக் கூறுக்கு உப்புத் தடவுன?"

இப்போது கை நின்றது. "நெசமாயிரும்னு நெனச்சேங்க" என்றாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள்: மகன் இப்போது இங்கேயே பெண் பார்க்கச் சொல்கிறானாம். கமுதிப் பக்கம் ஒரு இடம் வந்திருக்கிறதாம். முதல் கல்யாணம் சும்மா காகிதத்துக்குச் செய்தது என்று நான் பங்காளிகளிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டால் போதுமாம்.

மாசிக் களரி வந்தது. மறுநாள் காலை பாய் விரித்தார்கள். தம்பி மகன் ஒருவன் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"பெரியப்பா, முப்பத்தெட்டுத்தான?"

"முப்பத்தேழு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "யாரு பெரியப்பா செத்தது?"

"யாரும் சாகலலே. என் மகன் பேர எடுத்துருங்க. அவென் கட்டுனது தாலி இல்ல."

நடந்ததைச் சொன்னேன். பக்குவமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னேன். கல்யாணத்துக்கு வராத ஐந்து வீட்டுக்காரர்களும் அங்கேதான் நின்றார்கள். அவர்களில் ஒருவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பூசாரி மட்டும், "உசுரோட இருக்கவன் பேர எடுத்து வழக்கமில்லயே" என்றார். "பொய்யாப் பேர் சேத்தும் வழக்கமில்ல" என்றேன்.

அன்று மாலையே மகனிடமிருந்து போன் வந்தது.

"என்னய்யா, எம் பேர எடுத்துட்டீகளாமே? பொண்ணு வீட்டுக்காரவுக ஊர்ல வந்து விசாரிச்சா என்ன சொல்லுவாக?"

"உள்ளதச் சொல்லுவாக."

"இங்கன எல்லாரும் இப்படித்தான்யா செய்றாக. யாருக்கு என்ன நட்டம்? அங்க சும்மா ஒரு கூறு கறிதான?"

"ஆமா" என்றேன். "கூறு கறிதான். ஒனக்குத்தான் அங்கன பெரிய நாடே கெடச்சிருச்சுல்ல."

போனை வைத்துவிட்டான். அதன் பிறகு அவன் அம்மாவோடு மட்டும் பேசுகிறான். நான் பக்கத்தில் இருந்தால் அவள் கொல்லைப்பக்கம் போய்விடுகிறாள்.

எனக்கு வந்த கூறை மனைவி சட்டிக்குள் போடப் போனாள். நிறுத்தச் சொல்லி, இரண்டாகப் பிரித்தேன். பாதியைச் சமைக்கச் சொன்னேன். மீதிப் பாதிக்கு நானே உப்பும் மஞ்சளும் தடவினேன். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. எந்த எல்லையையும் தாண்டிப் போகாத கறி என்று எனக்கும் தெரியும். நூலில் கோத்து மாடியில் கட்டிவிட்டு, காக்கா வருகிறதா என்று குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை துண்டு என்று எண்ணவில்லை.