மாமா பேசிய ஜப்பான்

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், ஜப்பான்காரர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில் கொங்குத் தமிழ்தான் பேசினார்கள். ராஜா, மந்திரி, பறக்கும் கப்பலை ஓட்டுகிறவன், மூன்று தலை அரக்கன், ஒருவர் பாக்கியில்லை. அந்த அரக்கன்கூட, "வாங்க சாமி, உங்களுக்காவத்தான் காத்துட்டு இருக்கறனுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் நெருப்பைக் கக்குவான். கொல்ல வருகிறவனுக்கு எதற்கு 'ங்க' என்று கேட்டேன். முதல்முதலாக ஊட்டுக்கு வந்தவங்களை வேறெப்படிக் கூப்பிடுவதாம் என்று மாமா என்னையே திருப்பிக் கேட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்பாவுக்கு அப்போது கொல்லிமலையில் அரசாங்க உத்தியோகம். செம்மேட்டில் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, போன இன்டர்வியூவில் எல்லாம் கேட்ட கேள்விக்குப் பதில் வாயைவிட்டு வெளியே வருவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டதால், மாமா எங்களோடு வந்து தங்கினார். மலைமேல் நாலைந்து ஊர் சேர்ந்தால் ஒரு 'நாடு'; அப்படித் திண்ணனூர் நாட்டுப் பக்கம் ஊர் ஊராக நடந்து டிவி, வயரிங், மோட்டார் என்று ரிப்பேர் பார்த்தார். கைவேலை அவ்வளவு சுத்தம். பேச்சுதான் திக்கும். வயது இருபத்தேழு ஆகியிருந்தது. பெண் பார்க்கப் போன இரண்டு இடமும் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாவது அமைந்துவிட வேண்டும் என்று கீழே ஊரில் அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, கோயில் கோயிலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் மாமாவை யாரும் கேலி செய்ததில்லை. எல்லோருக்கும் அவர்மேல் உயிர். அதனாலேயே அவரை ஒரு வாக்கியமும் முடிக்க விட்டதில்லை. சாப்பிடும்போது "ர..." என்று தொடங்கினால் போதும், அம்மா ரசத்தை ஊற்றிவிடுவாள். அவர் கேட்க வந்தது வேறு ஏதாவதாக இருந்தாலும் பேசாமல் பிசைந்து தின்பார். அப்பா ஒருபடி மேலே போய், அவர் என்ன நினைக்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார். பஸ் கண்டக்டர் மாமாவின் முகத்தைப் பார்த்தே டிக்கெட்டைக் கிழித்துவிடுவார்.

இப்படி இருந்த மாமாவைப் பேசவைத்தது சிங்கப்பூர்ச் சித்தப்பா கொண்டுவந்த டிவி கேம் பெட்டி. அதோடு வந்தது ஒரே ஒரு சிடி, ஜப்பான்காரர்கள் செய்த கதை விளையாட்டு. சுடுவது, ஓடுவது என்று ஒன்றும் கிடையாது. ஒரு பையன் ஊர் ஊராகப் போவான். எதிரே வருகிற அத்தனை பேரும் அவனோடு பேசுவார்கள். பேச்சு என்றால் சத்தம் இல்லை. திரையின் அடியில் நீலநிறக் கட்டம் ஒன்று வரும், அதில் இங்கிலீஷ் எழுத்து டிக்டிக்கென்று விழும். விழுந்து முடிந்ததும் மூலையில் ஒரு சின்ன முக்கோணம் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். பட்டனை அமுக்கினால்தான் அடுத்த பேச்சு. அமுக்காவிட்டால் ராஜாவானாலும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எனக்கு அப்போது இங்கிலீஷில் என் பெயரை எழுதத் தெரியும். அதை அந்தப் பையனுக்கு வைத்தாயிற்று. மீதிக்கு மாமா வேண்டியிருந்தது. முதல் நாளே கட்டளை போட்டார்: "நா சொ... சொல்லி முடிச்சாத்தான் அமுக்கோணும் கண்ணு."

பொறுமை என்ற சமாச்சாரமே எனக்குக் கிடையாது. இட்லி வேகும்வரைகூட இருக்கமாட்டேன் என்று அம்மா திட்டுவாள். ஆனால் அவர் முடிப்பதற்குள் அமுக்கினால் அந்தப் பேச்சு போனதுதான், திரும்பி வராது. இளவரசி எங்கே ஒளிந்திருக்கிறாள் என்று தெரியாமல் காடு காடாக அலைய வேண்டியது நான்தானே? அதனால் பெருவிரலைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டு, மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு சொல்லுக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. "அ... அந்த மலைக்குப் பொறத்தால, கெ... கெணறு ஒண்ணு இருக்குது சாமி, அதுக்குள்ளாற எறங்கோணும்." முடிந்ததா? முடிந்தது. டக்.

கொஞ்ச நாளில் மாமாவுக்குச் சூடு பிடித்துவிட்டது. ராஜாவுக்குக் கட்டைக்குரல், கிழவிக்குப் பொக்கைவாய், அரக்கனுக்கு மூன்று தலைக்கும் மூன்று குரல். வேலைக்குப் போன இடத்திலிருந்து விறுவிறுவென்று வந்து, கைகால் கழுவிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். இளவரசியின் அப்பா செத்த இடத்தில், அவள் அழுவதை மாமா சொல்லச் சொல்ல நான் தேம்பித் தேம்பி அழுது, அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்துவிட்டாள். திக்குவது நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். திக்கும்; ஆனால் அவர் பாட்டுக்குத் திக்கி, அவர் பாட்டுக்கு முடிப்பார். அந்தக் கோடை முழுவதும் எங்கள் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு கொண்டாட்டம்.

அடுத்த லீவுக்கு வந்த சித்தப்பா இன்னொரு சிடி கொடுத்தார். "இதுல எல்லாரும் வாயத் தொறந்து பேசுவாங்க கண்ணு" என்றார்.

பேசினார்கள். சிடி போட்ட நிமிடத்திலிருந்து இங்கிலீஷில் பேசித் தள்ளினார்கள். நிஜமான மனிதக் குரல், நிஜமான அழுகை, பின்னால் பாட்டு வேறு. எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. என் பெயரை வைத்தும் ஒருத்தராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. இருந்தாலும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். மாமா வழக்கம்போல் பக்கத்தில் உட்கார்ந்து, "அவங்க அ... அம்மாவத்..." என்று தொடங்கினார். அதற்குள் திரையில் இருந்தவன் இரண்டு வாக்கியம் தாண்டிவிட்டான். அவனைப் பிடிக்க மாமா வேகமாகத் தொடங்கினார். வேகத்தில் இன்னும் திக்கியது. அவன் யாருக்காகவும் நிற்கவில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசியதில் எனக்கு எரிச்சலாக வந்தது.

"மாமா, நீங்க சும்மா இருங்க. அதுவே பேசுதுல்ல" என்றேன்.

என்ன கொழுப்பு எனக்கு! மாமா சிரித்தார். "செ... செரி கண்ணு" என்றார். அடுத்த இரண்டு நாள் பேசாமல் உட்கார்ந்து பார்த்தார். அதற்கப்புறம் எடப்புளி நாட்டுப் பக்கம் நிறைய வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பொழுது சாயத்தான் வீட்டுக்கு வந்தார்.

அந்த மாதத்திலேயே சேந்தமங்கலத்தில் மூன்றாவது பெண்ணைப் பார்க்க நாள் குறித்தார்கள். நல்ல இடம், பெண் டீச்சர் டிரெய்னிங் முடித்தவள். இந்தத் தடவை நானே பேசிக்கொள்கிறேன் என்று மாமா அம்மாவிடம் சொல்லியிருந்தார். சனிக்கிழமை என்னிடம் வந்தார்.

"நாளைக்கு எங்கூட வா... வாரியா கண்ணு? எம் பக்கத்துல உக்காந்துக்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

நான் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. கோட்டை வாசலுக்கு வந்துவிட்டேன், நாளைக்குள் உள்ளே போயாக வேண்டும், வரமாட்டேன் என்றேன். ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொன்னார். மாட்டேன் என்றேன். அப்புறம் என் சடையை லேசாக இழுத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் அம்மா, அப்பா, மாமா மூன்று பேரும் கீழே போனார்கள். என்னைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் நர்ஸ் அக்காவிடம் விட்டிருந்தார்கள்.

அங்கே நடந்ததை அம்மா எனக்குச் சொல்ல இருபது வருடம் ஆயிற்று. என் பெண்ணுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே ஒருநாள் சொன்னாள். சேந்தமங்கலத்துப் பெண்ணின் அப்பா, "தம்பி என்ன வேல பண்றீங்க?" என்று கேட்டிருக்கிறார். மாமா "ம..." என்று தொடங்கி நின்றிருக்கிறார். சபை முழுவதும் அவர் முகத்தையே பார்க்க, அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "மோட்டாரு, டிவி, வயரிங்கு எல்லாம் பாக்கறானுங்க" என்று சொல்லிவிட்டாள். அடுத்த கேள்விக்கும் அவள்தான் பதில். அதற்கடுத்ததற்கு அப்பா. காப்பி குடித்துக் கிளம்பும்போது, "மாப்பிள்ள வாயே தொறக்கலீங்களே" என்றாராம் பெண்ணின் அம்மா. ஒரு வாரத்தில் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது, பஸ் மலையேறிக்கொண்டிருக்கையில் மாமா அம்மாவிடம் ஒன்றே ஒன்று சொன்னாராம். "பு... புள்ளயக் கூட்டிட்டுப் போயிருக்கோணுங்க்கா. அது மட்டுந்தான் நா முடிக்கறவரைக்கும் பாத்துட்டு இருக்கும்."

"அதச் சொல்லி முடிக்க ரெண்டு வளைவு ஆச்சு கண்ணு" என்றாள் அம்மா. "அன்னிக்குத்தான் நா வாயத் தொறக்காம இருந்தேன்." அதற்குமேல் அவளால் ஊட்ட முடியவில்லை. கிண்ணத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

மாமா நன்றாகத்தான் இருக்கிறார். மூன்று வருடம் கழித்து ராசிபுரம் பக்கம் பெண் அமைந்தது. அத்தை நிதானமான மனுஷி. ஆனால் அம்மா சொன்ன நாளிலிருந்து எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது.

நான் கோட்டைக்குள் போய்விட்டிருந்தேன். அம்மாவும் அப்பாவும் நேராக உள்ளறைக்குப் போனார்கள். மாமா சலவைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பொட்டலம் தேங்காய் பன்னை என் மடியில் வைத்தார். வாய் நிறையப் பன்னோடு, அவர் இல்லாதபோது நடந்த கதையை முதலிலிருந்து சொன்னேன். புரியாத இடத்தையெல்லாம் நானே இட்டுக்கட்டிச் சொன்னேன். மாமா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் நிறைந்திருந்தது. புது கேம் ஒருவழியாக மாமாவுக்கும் பிடித்துப்போய்விட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.