போல்ட்டு போடாத மாடி

மும்பை தாராவியில் ஒரே சந்துக்காரரான வெயிலுமுத்துவிடம் பிரம்மநாயகம் நாற்பதாயிரம் ரூபாய் கடன் வாங்கியிருந்தார். மகள் கலைச்செல்வியைக் காலேஜில் சேர்க்க வாங்கிய பணம். அவர் கண்ணை மூடிச் சில வருஷமாகியும் கடன் அப்படியே நின்றது. கொடுக்க மகள் தயார்தான். வாங்கத்தான் வெயிலுமுத்துவுக்கு மனசில்லை.

கலைச்செல்வி இப்போது பூகம்பத்தை ஆராய்கிற விஞ்ஞானி. செம்பூரில் வீடு. எந்த மண் எவ்வளவு குலுங்கும், எப்படிக் கட்டிய வீடு முதலில் சரியும் என்று அவள் கணக்குப் போட்டு எழுதியதைக் கேட்டு, வடக்கே மலையடிவாரத்தில் ஓர் ஊர் தன் பள்ளிக்கூடங்களைப் பலப்படுத்தியது. அடுத்த வருஷமே அங்கே பூமி குலுங்கியது. ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை. அவள் முகம் டிவியில் வந்தபோது தாராவியில் அவர்கள் சந்தே கைதட்டியது. வெயிலுமுத்து ரிமோட்டைத் தேடினார்.

"என் துட்டுல படிச்சவ. அன்னைக்கு நான் குடுக்கலேன்னா இவ எங்க, டிவி எங்க?"

மனைவி ஆறுமுகத்தாய் சிரித்தாள். "அதான் அவ துட்டக் கொண்டாந்தா பொறவு பாப்போம், பொறவு பாப்போம்னு வெரட்டுதியளோ?"

அதேதான். கடன் இருக்கும்வரை அவள் எடுத்த பேரில் அவருக்கும் ஒரு பங்கு. அடைந்துவிட்டால் அவர் யாரோ, அவள் யாரோ.

இத்தனைக்கும் அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கொத்துக்கரண்டியோடு ரயிலேறி வந்து அந்தச் சந்தில் பாதியைக் கட்டியவர். அவர் கண்டுபிடித்த வித்தை ஒன்று உண்டு. மாடியின் இரும்புச் சட்டத்தைக் கீழ்ச் சுவரின் மேல் சும்மா உட்காரவைப்பார். போல்ட்டே கிடையாது. அனுமதியில்லாத மாடியை இடிக்க முனிசிபாலிட்டி வண்டி வருகிறது என்று தகவல் வந்தால், வண்டி முக்கு திரும்புவதற்குள் மாடியைப் பிரித்து அடுத்த சந்தில் அடுக்கிவிடலாம். வண்டி போனதும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். எந்த இன்ஜினியர் மண்டையில் உதிக்கும் இது? அந்த வித்தையில் சம்பாதித்த பணம்தான் பிரம்மநாயகத்துக்குக் கொடுத்ததும்.

குஜராத்தில் பூகம்பம் வந்த காலையில் சந்தும் ஒரு நிமிஷம் ஆடியது. அப்போது சிறுமியாக இருந்த கலைச்செல்வி ஓடிவந்து, "பெரியப்பா, கீழ் வீடு சும்மா இருக்கு, எங்க மாடி மட்டும் ஏன் நகந்துச்சு?" என்று கேட்டாள்.

"போட்டீ, ரயில் போயிருக்கும்."

அந்தக் கேள்விதான் தன்னைப் படிக்கவைத்தது என்று அவள் டிவியில் சொன்னாள். மாடியைக் கட்டியவர் பேரைச் சொல்லவில்லை. அது அவருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை தமிழர் சங்கத்து ஹாலில் கலைச்செல்வி பேச வந்தாள். உட்கார இடமில்லை. இட்லி விற்கும் பூமாரி எழுந்தாள். "யம்மா, என்னைக்கு வரும்னு தேதியச் சொல்லிரு. ஊருக்கு டிக்கெட் எடுத்திருதோம்."

ஹாலே சிரித்தது. கலைச்செல்வியும் சிரித்தாள்.

"தேதி யாராலயும் சொல்ல முடியாது அத்தை. வந்தா எது விழும்னு சொல்லலாம்."

"எது விழும்?"

வெயிலுமுத்து உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "போல்ட்டு போடாத மாடி. மூலைக்கு மூலை தகடு வச்சு முடுக்கினா நிக்கும். செலவும் கம்மிதான்."

எல்லாத் தலையும் வெயிலுமுத்து பக்கம் திரும்பியது. நேற்றுவரை வீடு என்றால் அவர் வாயைப் பார்த்த தலைகள்.

அவர் எழுந்துவிட்டார். "ஏட்டீ, என் மாடி ஒண்ணாவது விழுந்திருக்கா? யார் துட்டுல படிச்சேன்னு மொதல்ல இவங்ககிட்டச் சொல்லு. பொறவு எங் கைவேலையில குத்தம் சொல்லு."

"உக்காருங்க, மானம் போவுது" என்று ஆறுமுகத்தாய் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

கலைச்செல்வி மைக்கைக் கிட்டே இழுத்தாள். "பெரியப்பா துட்டுலதான் படிச்சேன். அது இல்லேன்னா இன்னைக்கு நான் இங்க நிக்க மாட்டேன். இத முன்னாடியே சொல்லியிருக்கணும்."

கைதட்டல் கூரையைத் தொட்டது. வெயிலுமுத்துவின் மார்பு விரிந்தது. இத்தனை வருஷமாகக் காத்திருந்தது இதற்குத்தானே. தானும் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று, "மைக்கை இங்க கொண்டா" என்று கையை நீட்டினார்.

மேடையை விட்டு இறங்கி வந்தவள் கையில் மைக் இல்லை. பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள்.

"ஒவ்வொரு தீபாவளிக்கும் கொண்டாறேன். பெரியப்பா வாங்கல. அப்பா கடன், இன்னைக்கு எல்லார் முன்னாலயும் வாங்கிக்கிடணும்."

"வட்டி உண்டா அண்ணாச்சி?" என்றாள் பூமாரி.

மாட்டேன் என்றால் ஏன் என்று சந்து கேட்கும். நீட்டிய கையை மடக்க வழியில்லை. கலைச்செல்வி வாய்விட்டு எண்ணி ஒவ்வொரு நோட்டாக வைத்தாள். நோட்டு ஏற ஏற, அவள் பேரில் அவருக்கு இருந்த பங்கு இறங்கிக்கொண்டே போனது. கடைசி நோட்டும் விழுந்தது. மைக்குக்காக நீட்டிய உள்ளங்கை மட்டும் விரிந்தபடியே இருந்தது.